ஒரு மேசைக்கு இருநூற்று அறுபத்தாறு மணி நேரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை உள்ளத்தில் ஊறி வந்ததில்லை. எனக்கு நாற்பது மணி நேரம் குறைகிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் மொழி கற்பிக்கிறவன். போன வருடம்வரை எங்களுக்கென்று தனித் துறை இருந்தது, தனி மாடி இருந்தது, சாவி தொலைந்துபோன ஒரு பீரோகூட இருந்தது. பிறகு மாற்றம் வந்தது. தாவரவியல், புவியியல், மொழி மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து 'உயிர், நிலம், மொழிப் புலம்' என்று பெயர் வைத்தார்கள். ஆளுக்கோர் அறை போய், முப்பது பேருக்கு ஒரு கூடம் வந்தது. நாற்காலி இருபத்திரண்டு. எந்த நேரமும் எட்டுப் பேர் வகுப்பில் இருப்பார்கள் என்று யாரோ கணித்திருக்கிறார். இருப்பதில்லை. ஆகவே காலை எட்டரைக்கே வந்து நாற்காலியில் பையைப் போட்டு இடம் பிடிக்கிறோம்.

கூடவே வேலைப்பளு அட்டவணையும் வந்தது. கணினியில் ஒரு பக்கம். வருடத்துக்கு ஆயிரத்து அறுநூறு மணி நேரம் வேலை காட்ட வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு தலைப்பு உண்டு. தலைப்பை நாமாக எழுத முடியாது, அது தருகிற பட்டியலிலிருந்து பொறுக்க வேண்டும். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன்: ஆயிரத்து ஐந்நூற்று அறுபது. பட்டியலைத் துழாவியதில் மொழிக்காரர்களுக்கென்று ஒரு வரி அகப்பட்டது. 'படைப்பாக்க வெளியீடு, ஒன்றுக்கு நாற்பது மணி.' நான்கு வரிக் கவிதைக்கும் நாற்பது, நானூறு பக்க நாவலுக்கும் நாற்பது. கவிதை எனக்கு வராது. நாவலுக்கு நேரமில்லை. ஆகவே சிறுகதை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும்.*

* ஏற்றினால் மட்டும் போதாது. இந்த மாற்றங்களைக் கவனிக்கவென்று அமைத்த மாற்றப் பிரிவில் ஒருவர் அதைக் கடைசி வரி வரை வாசித்து 'ஏற்கப்பட்டது' என்று அழுத்த வேண்டும். யாரோ, பாவம்.

2

தொடக்கங்கள்.

'மூன்றாம் மாடிச் சன்னல் வழியே வழிந்த மாலை வெயில் அவருடைய நரைத்த—'

மூன்றாம் மாடியில் சன்னல் கிடையாது. லிஃப்ட்தான் இருக்கிறது.

'அதிகாரம் என்பது யாதெனில்—'

யாதெனில் என்று எனக்கே தெரியாது. அடுத்து.

'பேராசிரியர் எழுந்தார். மேசையில் ஓங்கிக் குத்தினார். அறிவை மணிக்கணக்கில் அளக்க முடியாது என்று கர்ஜித்தார்.'

இந்தப் பேராசிரியர் அரைப் பக்கம் உயிரோடு இருந்தார். அப்புறம் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன், மேசையில் குத்தின ஓர் ஆளைக்கூடப் பார்த்ததில்லை. எங்களுக்குக் கோபம் வந்தால் மின்னஞ்சலில் எல்லோருக்கும் நகல் போடுவோம், அவ்வளவுதான் எங்கள் வீரம். பேராசிரியரை அழித்துவிட்டு வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வாத்தியாரே, அரை மணியா அதையே முறைச்சிட்டு இருக்கீங்க?"

எதிர் நாற்காலி. பாசி டீச்சர்.

"கதை எழுதுறேன் டீச்சர். ஆள் அமையல."

"எப்படிப்பட்ட ஆள் வேணும்?"

"இந்த மாற்றத்துல மாட்டிக்கிட்டு முழிக்கிற ஆள்."

அவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். உட்கார இடம் கிடைக்காமல் ஒருவர் அச்சு இயந்திரத்தின் மேல் விடைத்தாளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

"அதுக்கு யோசிச்சு வேற எழுதணுமாக்கும்," என்றார். "என்னையே எழுதுங்க. ரெண்டு கண்டிஷன். என்னை நல்லவளா காட்டக் கூடாது. எங்க வீட்டுக்காரரைக் கோமாளியா காட்டக் கூடாது."

முதலாவது சுலபம். இரண்டாவதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. மனிதர் உள்ளபடியே வேடிக்கையானவர்.

3

பாசி டீச்சருக்கு ஐம்பத்தொரு வயது. குளத்துப் பாசியை ஆராய்வது அவர் வேலை. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, மூடி போட்ட ஒரு குப்பியும் அதில் பச்சைத் தண்ணீரும் இருக்கும். பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. யாராவது 'சுருக்கமாகச் சொன்னால்' என்று ஆரம்பித்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துவிடுவார்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. ஆறு வருட ஆராய்ச்சி. சாயக் கழிவு கலந்த தண்ணீரில் ஒருவகைப் பாசி செழித்து வளர்ந்து அதைச் சுத்தம் செய்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். குப்பி குப்பியாகப் பாசி, எல்லாம் கொழுகொழுவென்று. ஆறாம் வருடக் கடைசியில், கழுவும் தொட்டியருகே நின்று சோப்பு டப்பாவின் பின்பக்கத்தைச் சும்மா வாசித்தபோதுதான் உறைத்தது. குப்பிகளைக் கழுவிய சோப்பிலிருந்த உப்பு பாசிக்கு நல்ல தீனி. சரியாக அலசாத குப்பியில் அது ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பாசி சாயத்தைத் தின்று வளரவில்லை. டீச்சர் போட்ட சோப்பைத் தின்று வளர்ந்திருக்கிறது.

யாரிடம் சொல்வது? ஆய்வுக் கட்டுரைகளில் வென்றதைத்தான் எழுதுவார்கள். வேலையை விட்டுவிடலாம் என்று முடிவுகட்டி, ராஜினாமா எழுதத் தாள் எடுக்க ஆய்வகத்துக்குப் போனார். அங்கே நீள மேசையின் மறுகோடியில் புவியியல் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். அவர்கள் அறையில் ஒழுகுகிறது என்று இங்கே ஒதுங்க வந்தவர். என்ன தோன்றியதோ, டீச்சர் அவரிடம் சோப்புக் கதையைக் கொட்டிவிட்டார். அவர் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தன் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார்.

"இதைப் பாருங்க டீச்சர். மூணு மாசம் உக்காந்து போட்டது. ஆறு மேட்டைப் பார்த்து ஓடுது."

டீச்சர் பார்த்தார். உண்மையிலேயே ஆறு மேட்டைப் பார்த்து ஓடியது. இருவரும் அந்த ஆறு எந்த இடத்தில் புத்தி மாறியது என்று ஒரு மணி நேரம் தேடினார்கள். கண்டும் பிடித்தார்கள். ராஜினாமா எழுத எடுத்த தாளில்தான் திருத்தம் போட்டார்கள்.

அன்று புதன்கிழமை, மணி மூன்று. அடுத்த புதனும் கூடினார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்து ஏழு பேர் ஆனோம். (ஆம், ஆனோம். ஏழில் ஒருவன் நான். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.) விதி ஒன்றுதான்: அந்த வாரம் எது ஊற்றிக்கொண்டதோ அதைக் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். உருப்படியானதைக் கொண்டுவந்து பெருமை பேசுகிறவர் அன்றைக்கு எல்லோருடைய கோப்பையையும் கழுவ வேண்டும். நான் என் பாதி மொழிபெயர்ப்புகளை வைத்தேன். ஒருவர், பாதி மாணவர்கள் தூங்கிவிட்ட தன் வகுப்பை வைத்தார். அங்கே கிடைத்த யோசனையில்தான் டீச்சர் ஆராய்ச்சியை முதலிலிருந்து ஆரம்பித்தார், இந்த முறை சோப்பில்லாமல்.

4 (கைவிடப்பட்டது)

இங்கே 'நிறுவன மாற்றமும் அறிவுழைப்பின் உருமாற்றமும்: ஒரு பார்வை' என்று மூன்று பக்கம் எழுதியிருந்தேன். டீச்சர் வாசித்துவிட்டு, "தூக்கம் வருது வாத்தியாரே," என்றார். ஒரு வாக்கியத்தை மட்டும் கெஞ்சி வைத்துக்கொண்டேன்: பட்டியலில் பெயர் இல்லாத வேலை முதலில் அட்டவணையிலிருந்து போகிறது, பிறகு வாரத்திலிருந்து போகிறது, கடைசியில் அப்படி ஒன்று இருந்தது என்பதே ஞாபகத்திலிருந்து போகிறது.

5

சரி, கதைக்கு வருவோம். புதிய ஏற்பாட்டில் ஆய்வகக் கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். அந்த மணிக்கு அட்டவணையில் ஒரு தலைப்பு போட்டிருந்தால்தான் அட்டை வேலை செய்யும். முதல் புதன்கிழமை ஏழு பேரும் வாசலில் கோப்பையும் கையுமாக நிற்க, டீச்சர் கைபேசியில் பட்டியலை மேய்ந்தார்.

'கூட்டம்' என்றால் தலைவர், நிகழ்ச்சி நிரல், நடவடிக்கைக் குறிப்பு வேண்டும். 'கருத்தரங்கு' என்றால் வெளியிலிருந்து ஒரு பேச்சாளர் வேண்டும். 'ஆய்வு' என்று அழுத்தினார். 'எதிர்பார்க்கப்படும் முடிவு என்ன?' என்று கேட்டது.

"முடிவு தெரிஞ்சா நான் ஏன்டா வாசல்ல நிக்கிறேன்," என்றார் கைபேசியிடம்.

'இதர' என்று ஒன்று இருந்தது, வருடத்துக்கு ஆறு மணி நேரம் மட்டும். கடைசியில், பட்டியலின் அடிமட்டத்தில், 'கருவிப் பராமரிப்பு'. உச்சவரம்பு இல்லை. கேள்வி ஒன்றே ஒன்று: கருவியின் பெயர். கதவின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். முதலில் கண்ணில் பட்டது நீள மேசை. 'மேசை' என்று அடித்தார். கதவு திறந்துகொண்டது.

"எல்லாரும் இதையே போட்டுடுங்க," என்றார்.

இதுதான் நாங்கள் செய்த தப்பு. ஒருவர் தராசு, ஒருவர் நுண்ணோக்கி என்று மாற்றிப் போட்டிருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. பிள்ளைகள் ஒரே மாதிரி விடை எழுதினால் அடுத்த நிமிடம் கண்டுபிடித்துவிடுகிற ஏழு பேர், வாரம் தவறாமல், முப்பத்தெட்டு வாரம், 'மேசை' என்று எழுதினோம்.

6

இந்தத் திங்கட்கிழமை டீச்சருக்கு ஒரு கடிதம் வந்தது. மாற்றப் பிரிவின் அதிகாரி எழுதியது. அவரை நாங்கள் அட்டவணை மேடம் என்போம். கெட்டவர் இல்லை, அதையும் எழுதிவிட வேண்டும். அறிமுகக் கூட்டத்தில் தொண்டை கட்டிப்போய், வெந்நீர் குடித்துக் குடித்து, இரண்டு மணி நேரம் நின்றபடி முப்பது பேருக்கும் விளக்கினார். அந்தப் பட்டியலைத் தனி ஆளாக உட்கார்ந்து செய்தவரும் அவர்தான். குறை இருந்தால் சொல்லுங்கள் என்று சொல்லி, அதற்கும் ஒரு படிவம் கொடுத்தார். அது மூன்று குழுவைத் தாண்டிப் போக வேண்டும், முதல் குழு கூடுவதற்கே இன்னும் நாலு மாதம் இருக்கிறது.

கடிதத்தின் சாரம்: ஒரே கருவிக்கு இருநூற்று அறுபத்தாறு மணி நேரம் அர்ப்பணித்த தங்கள் குழு பல்கலைக்கழகத்துக்கே முன்மாதிரி. தங்களைப் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிப்பதில் மகிழ்கிறோம். அடுத்த மாதம் முதல் மற்றப் புலங்களுக்குத் தாங்கள் பயிற்சி அளிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திடவும். பயிற்சி நேரம், புதன்தோறும் மூன்று முதல் ஐந்து வரை.

டீச்சர் அன்று நேரே வீட்டுக்குப் போகவில்லை. கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். அவர் ஒரு கண்ணாடியின் ஓரத்தைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எனக்குப் பாராட்டு வந்திருக்கு."

"பாசிக்கா?"

"மேசைக்கு."

கடிதத்தை வாங்கி வாசித்தார். சிரிக்க ஆரம்பித்தவர் சிரித்து, இருமி, தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் 'ஒரே கருவிக்கு' என்ற இடத்தை வாசித்துச் சிரித்தார். பிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். சக்கரத்தை நிறுத்தினார்.

"வேணாம்னு எழுதிக் குடுத்துடேன்."

"வேணாம்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா எங்க புதன்கிழமை போயிடும். சரின்னு கையெழுத்துப் போட்டா பயிற்சியும் அதே மூணு மணிக்கு. அப்பவும் போயிடும்."

"ஆறு வருஷ வேலை போனப்பகூட நீ இப்படி இடிஞ்சு நிக்கல."

"அப்ப போய் உக்கார எனக்கு ஒரு இடம் கெடைச்சுதுங்க. இப்ப அதையே இல்ல எடுக்கிறாங்க. அந்த ஒரு மணி நேரம் இல்லன்னா நான் இந்த வேலையில இருந்திருக்கவே மாட்டேன்."

கணவர் அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

(நான் அங்கே இல்லை. டீச்சர் சொன்னதை வைத்து எழுதுகிறேன். ஸ்டூலை மட்டும் நான் சேர்த்தேன். வாசித்துவிட்டு, "ஸ்டூல் இல்ல, அவர் நாற்காலியையே குடுத்துட்டு அவர் நின்னாரு," என்றார். கோமாளியாகக் காட்டாமலிருக்க இதை அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறேன்.)

7

முடிவுகள்.

முதல் முடிவு. டீச்சர் கையெழுத்துப் போடுகிறார். நாற்பது பேராசிரியர்கள் கையில் துணியோடு வரிசையாக உட்கார்ந்திருக்க, மேசையை எப்படிப் பராமரிப்பது என்று வகுப்பு எடுக்கிறார். முதல் வாரம் மேல்பரப்பு, இரண்டாம் வாரம் கால்கள். ஒருவர் எழுந்து, 'ஆட்டம் காண்கிற மேசைக்கு வழிகாட்டி உண்டா?' என்று கேட்கிறார். எழுதும்போதே எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டீச்சரும் சிரித்தார். சிரித்து முடித்து, "நல்லாத்தான் இருக்கு. இதுல நம்ம ஒரு மணி நேரம் எங்க?" என்றார். அது இல்லை. எடுத்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு. அட்டவணை மேடம் ஒரு புதன்கிழமை நேரில் வந்து எங்கள் பேச்சின் நடுவே உட்காருகிறார். கேட்கிறார். கண்கள் கலங்குகின்றன. தன் பையிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்து, 'இது என்னுடைய தோல்வி' என்று மேசையில்—

"அவங்க ஏன் அழணும்?" என்றார் டீச்சர். "அவங்க வேலையை அவங்க ஒழுங்காத்தான் செஞ்சிருக்காங்க. அழ வெச்சு ஜெயிக்கிறதெல்லாம் நமக்கு வேணாம் வாத்தியாரே."

மூன்றாவது முடிவு.

'பாசி டீச்சர் தன் குப்பிகளை ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டியில்—'

இதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது டீச்சர் என் திரையில் அந்த வரியை வாசித்துக்கொண்டிருந்தார். கேலி செய்யவில்லை. அழிக்கவும் சொல்லவில்லை.

"இந்தக் கதையை யாரு வாசிப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"மாற்றப் பிரிவுல ஒருத்தர்."

"எந்த ஒருத்தர்?"

அதை நான் பார்த்திருக்கவில்லை. கணினியில் தேடினேன். எங்கள் புலத்தின் படைப்பாக்க வெளியீடுகளை வாசிக்கும் பொறுப்பு அட்டவணை மேடத்துக்கு.

டீச்சர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"குறைன்னு எழுதினா மூணு குழு. கதைன்னு எழுதினா நேரா அவங்ககிட்டயே போகுமா?"

"போகும்."

"முழுக்க வாசிச்சே ஆகணுமா?"

"கடைசி வரி வரைக்கும் இறங்கினாத்தான் பொத்தானே வரும்."

"அப்ப வேற கதை எழுதாதீங்க. இதையே அனுப்புங்க. சோப்பு, மேசை எல்லாம் இருக்கட்டும்."

"டீச்சர், தெரிஞ்சா கதவை ஒரேயடியா மூடிட்டாங்கன்னா?"

"மூடலாம். இப்பவும் மூடத்தானே போறாங்க. பொய் சொல்லி மூடவிடுறதுக்குப் பதிலா உண்மையைச் சொல்லிப் பார்ப்போமே."

அவர் குரல் உறுதியாகத்தான் இருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். பயப்படும்போது அப்படிச் செய்வார் என்று நான் அன்றுதான் பார்த்தேன்.

8

புதன்கிழமை இதை மற்றவர்களிடம் வைத்தோம். உண்மையைச் சொன்னால் ஆளுக்கு முப்பத்தெட்டு மணி நேரம் கழியும், அதை வேறு வேலையால் நிரப்ப வேண்டும். புவியியல் பேராசிரியர் தோளைக் குலுக்கினார். "ரெண்டு வகுப்பு கூட எடுத்துட்டுப் போறேன். எனக்கு இந்த மணி நேரம் வேணும்." மற்றவர்களும் சரி என்றார்கள். என் நிலைமையைப் பாருங்கள்: இந்தக் கதையால் நாற்பது வரும், இந்தக் கதையாலேயே முப்பத்தெட்டு போகும். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு நிகர லாபம் இரண்டு மணி நேரம்.

இப்போது வெள்ளிக்கிழமை, மணி நாலே முக்கால். நியமனக் கடிதம் கையெழுத்தில்லாமல் டீச்சர் முன்னால் கிடக்கிறது. மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், இனி நான் ஒருவரிடம் மட்டும் பேச வேண்டியிருக்கிறது.

மேடம், வணக்கம். இவ்வளவு தூரம் இறங்கி வந்ததற்கு நன்றி. மேசை நன்றாக இருக்கிறது, அதை யாரும் பராமரிக்கவே இல்லை. அந்த மணிகளை நீங்கள் கழித்துக்கொள்ளலாம். இதைக் கதை என்று ஒதுக்கிவிட்டு, ஏற்கப்பட்டது என்று அழுத்தி எனக்கு நாற்பதைத் தந்துவிட்டு, டீச்சருக்கு நினைவூட்டல் அனுப்பவும் உங்களால் முடியும். அப்படியானால் மூன்றாவது முடிவை நான் முழுதாக எழுத வேண்டிவரும். எழுத மாட்டேன். அதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அல்லது, பட்டியல் உங்களுடையது. அதில் ஒரு வரி சேர்க்க உங்களால் முடியும். அந்த வரிக்கு நாங்களே ஒரு பெயர் வைத்துத் தரலாம் என்று நேற்றுவரை முயன்றோம். 'தோல்விப் பகிர்வு' என்றார் ஒருவர், மருத்துவமனை மாதிரி இருந்தது. 'கூட்டுச் சிந்தனை' என்றேன் நான், எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். பதினாறு பெயர், ஒன்றும் தேறவில்லை. பாசி டீச்சர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "அதை அப்படியே காலியா விடுங்க, பட்டியல் போடத் தெரிஞ்சவங்க போடட்டும்," என்கிறார்.

விட்டிருக்கிறோம்.

தலைப்பு: ……………………………
நேரம்: வாரத்துக்கு ஒரு மணி நேரம். புதன், மூன்று மணி.
எதிர்பார்க்கப்படும் முடிவு: ……………………………